"சுத்தமா இருக்கத் தெரியல"ன்னு நான் எழுதுன கேஸ் ஷீட்

1)
இன்னைக்கு கொஞ்சம் நீளமான த்ரெட். கக்கூஸ், மலம், புழு, ரத்தம் எல்லாம் வரும். சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா முடிச்சுட்டு வாங்க. ஆனா வந்துருங்க. கடைசியில உங்ககிட்ட ஒரு வேலை சொல்லப் போறேன்.

2)
நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். டெல்டா பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா அட்மிட் ஆனார். வயது முப்பத்துச் சொச்சம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. முகமும் கால்களும் வீங்கியிருந்தன. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 4.2. இருக்க வேண்டியது குறைந்தது 12. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டைகள்.

3)
ரத்தம் ஏற்றினோம். பூச்சி மாத்திரை கொடுத்தோம். இரும்புச்சத்து மாத்திரை எழுதினோம். டிஸ்சார்ஜ் ஆனார். எட்டு மாதம் கழித்து அதே அக்கா, அதே வீக்கம், அதே மூச்சிரைப்பு. ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே. நான் கேஸ் ஷீட்டில் "தனிநபர் சுகாதாரம் மோசம்" என்று எழுதினேன். மனசுக்குள்ள, "எத்தனை தடவை சொன்னாலும் சுத்தமா இருக்கத் தெரியல"ன்னு ஒரு எரிச்சல் வேற.

4)
ரவுண்ட்ஸ் வந்த எங்கள் சீஃப் அதைப் படித்தார். "தம்பி, இவங்க வீட்டுக் கொல்லை எப்படி இருக்கும்னு கேட்டியா?"
"இல்ல சார்."
"கேக்காம எப்படிப்பா சுத்தமில்லைன்னு எழுதுன?"
பதில் இல்லை. அந்த அக்காகிட்டயே போய்க் கேட்டேன்.

5)
அவர் சொன்னது இதுதான். "கக்கூஸ் இருக்கு சார். கட்டிக் குடுத்தாங்க. ஆனா எங்க மண்ணு களி மண்ணு. மழை பேஞ்சா குழி ரொம்பி, உள்ள போனது மேல வந்துரும். அப்புறம் வாய்க்கா கரைதான். நாலு மாசம் அப்படித்தான்."
வேலையோ வாழைத் தோட்டத்தில். செருப்புப் போட்டால் சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்று வெறுங்கால். அந்தச் சேற்றுக்குத்தான் கரை மேலிருந்து எல்லாம் வடிந்து வந்தது.

6)
இங்கே கொக்கிப்புழு பற்றிக் கொஞ்சம். அதன் முட்டை மலத்தோடு வெளியே வரும். ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் பொரித்து, சில நாட்களில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழுவாகும். வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தம் வழியாக நுரையீரல். அங்கிருந்து தொண்டை. விழுங்கியதும் சிறுகுடல். அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு வருடக்கணக்கில் ரத்தம் குடிக்கும்.

7)
நெகேட்டர் வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.03 மில்லி. சொட்டுகூட இல்லை. ஆனால் 200 புழு இருந்தால் நாளுக்கு 6 மில்லி. மாசத்துக்கு 180. நீங்கள் ரத்ததானம் செய்தால் ஒரு தடவை எடுப்பது 350 மில்லி. அந்த அக்கா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரத்ததானம் செய்துகொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூஸும் கிடையாது, பிஸ்கட்டும் கிடையாது.
அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை, வயிற்றில் உள்ள புழுவைக் கொல்லும். கொல்லையில் உள்ளதைக் கொல்லாது. மாத்திரை போட்ட அன்றைக்கே அதே சேற்றில் கால் வைத்தால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம்.

8)
இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? சீஃப் கேட்ட அதே கேள்வியை வேறொரு ஊரில் ஒரு பெண் இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாட்டில். அமெரிக்காவின் அலபாமா மாநிலம், லவுண்டஸ் கவுண்டி. அந்தக் கதை தெரிந்தால் நம் ஊர்க் கதை இன்னும் தெளிவாகப் புரியும்.

9)
கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாக அலகு. லவுண்டஸின் பரப்பளவு சென்னை மாநகராட்சியைப் போல நாலு மடங்குக்கும் மேல். மக்கள்தொகை சுமார் 10,000 மட்டும். பத்தில் ஏழு பேருக்கு மேல் கறுப்பின மக்கள். வீடுகள் தூரம் தூரமாக இருக்கும். பல குடும்பங்கள் டிரெய்லர் எனப்படும் தகர வண்டி வீடுகளில் வாழ்கின்றன. பெரும்பாலான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. அவரவர் கழிவை அவரவர் நிலத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

10)
அந்த நிலம்தான் சிக்கல். அந்தப் பகுதிக்குப் பெயரே 'பிளாக் பெல்ட்', கறுப்பு வார். முதலில் மண்ணின் நிறத்துக்காக வந்த பெயர். நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து ஆட்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: கரிசல் மாதிரி மண். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் ஊதிப் பிசின் மாதிரி ஒட்டும். பருத்திக்கு அருமையான மண். அந்தப் பருத்திக்காகத்தான் கறுப்பின மக்களை அடிமைகளாக அங்கே கொண்டுவந்தார்கள். அதனால் பின்னாளில் அந்தப் பெயர் அங்கே வாழும் மக்களையும் குறித்தது.

11)
செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது? தொட்டியில் கசடு அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீர் வெளியேறி மண்ணுக்குள் இறங்க வேண்டும். சுத்திகரிப்பின் பெரும்பகுதி தொட்டியில் நடப்பதில்லை, மண்ணில்தான் நடக்கிறது. மண் குடித்தால்தான் செப்டிக் டேங்க். மண் குடிக்க மறுத்தால் அது வெறும் மூடி போட்ட குட்டை. ஊதிப்போன களிமண் ஒரு சொட்டு குடிக்காது. மழை வந்தால் தொட்டி நிரம்பி, கழிவு வந்த வழியே திரும்பும். கழிப்பறையில், குளிக்கிற தொட்டியில், சில வீடுகளில் சமையலறை சிங்க்கில்.

12)
வழி இல்லையா? இருக்கிறது. வேறு மண்ணைக் கொண்டுவந்து மேடு கட்டி, பம்ப் வைத்து, கழிவுநீரை அந்த மேட்டுக்குள் விடும் முறை. பொறியாளர் வந்து வடிவமைக்க வேண்டும். செலவு பத்தாயிரம் டாலரைத் தாண்டும். மண் மோசமென்றால் இருபது, முப்பதாயிரம்கூட ஆகும். அங்கே பல குடும்பங்களுக்கு அது ஒரு வருட வருமானம். வாழ்கிற டிரெய்லரே அவ்வளவு போகாது.

13)
அதனால் பலர் என்ன செய்தார்கள்? கழிப்பறையிலிருந்து ஒரு பிவிசி பைப்பை நேராக இழுத்துக் கொல்லைக்குப் பின்னாடி பள்ளத்திலோ காட்டோரத்திலோ விட்டுவிட்டார்கள். அதற்கு அங்கே 'ஸ்ட்ரெயிட் பைப்' என்று பெயர். பைப் முடிகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பிள்ளைகள் விளையாடும் இடம்.

14)
அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? பைப் போட்டுக் கொடுக்கவில்லை. வழக்குப் போட்டது. அனுமதி பெற்ற செப்டிக் அமைப்பு இல்லாமல் கழிவை வெளியே விட்டால் அலபாமா சட்டப்படி குற்றம். 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் ஏழைக் குடும்பங்களுக்கு நோட்டீஸ் போனது. கைது மிரட்டல், சில கைதுகளும்கூட.
இதைப் படித்தபோது எனக்கு என் கேஸ் ஷீட்தான் ஞாபகம் வந்தது. அங்கே குற்றம் என்று எழுதினார்கள். நான் 'சுகாதாரம் மோசம்' என்று எழுதினேன். ரெண்டும் ஒரே எழுத்துதான்.

15)
அந்தக் கைதுகளைக் கேள்வி கேட்டவர் கேத்தரின் கோல்மன் ஃப்ளவர்ஸ். லவுண்டஸில் வளர்ந்தவர். வீடு வீடாகப் போய்ப் பார்த்தார், பார்க்க மாட்டேன் என்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். 2017 டிசம்பரில் கடும் வறுமை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அங்கே வந்து பார்த்தார். 2020-ல் ஃப்ளவர்ஸுக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது.
நடுவில் ஒரு சம்பவம். கழிவு தேங்கிய ஒரு கொல்லையில் அவரைக் கொசு கடித்துத் தள்ளியது. உடம்பெல்லாம் தடிப்பு. வழக்கமான பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. "அமெரிக்க டாக்டர்கள் தேடிப் பார்க்காத ஏதோ ஒன்று இங்கே இருக்கிறதோ?" என்ற சந்தேகம் அவருக்கு. வெப்பமண்டல நோய் நிபுணர் பீட்டர் ஹோட்டெஸைத் தொடர்புகொண்டார்.

16)
ஹூஸ்டன் பெய்லர் மருத்துவக் கல்லூரிக் குழு லவுண்டஸில் மலப் பரிசோதனை செய்தது. 2017-ல் முடிவு வெளியானது. 55 மாதிரிகளில் 19-ல் கொக்கிப்புழுவின் மரபணுத் தடயம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அமெரிக்காவில் ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்த புழு அது.
நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது சின்ன ஆய்வு. பிறகு அந்தப் பகுதியில் இன்னும் பெரிய ஆய்வு நடந்து 2023-ல் வெளியானது. அதில் கொக்கிப்புழு சிக்கவில்லை.

17)
"அப்போ பிரச்சினை இல்லைதானே?"ன்னு கேட்பீங்க. இங்கதான் எனக்கு ஒரு கருத்து இருக்கு. ஒரு குழந்தை விளையாடும் முற்றத்தில் மலம் மிதப்பது தப்பு என்று சொல்ல, அந்தக் குழந்தையின் வயிற்றில் புழு இருப்பதை நாம் நிரூபித்துக் காட்ட வேண்டுமா? உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சாக்கடை பொங்கினால், முதலில் எல்லாரும் மலப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அப்புறம் சரி செய்யலாம் என்று யாராவது சொல்வார்களா? அந்த நிபந்தனை ஏழைக்கு மட்டும்தான்.

18)
சரி, ஏன் லவுண்டஸ்? மண் மட்டும் காரணமா? வரலாற்றைப் பாருங்கள். 1965 தொடக்கத்தில் அந்தக் கவுண்டியில் பெரும்பான்மை கறுப்பின மக்கள். ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஒன்றுகூட! அந்த மார்ச் மாதம் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் போன 54 மைல் நடைப்பயணம், 80-ம் எண் நெடுஞ்சாலையில் இந்தக் கவுண்டியைக் குறுக்கே கடந்துதான் போனது. பிறகு ஓட்டுரிமைக்குப் பதிவு செய்த குத்தகை விவசாயிகளை நிலக்காரர்கள் வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பங்கள் சாலையோரம் கூடாரம் போட்டு வாழ்ந்தன.
ஓட்டு இல்லாத இடத்துக்கு ரோடு வராது, பைப்பும் வராது. இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

19)
இதைத்தான் சுற்றுச்சூழல் நீதி என்கிறார்கள். பெரிய வார்த்தையாகத் தெரியலாம். விஷயம் எளிது: ஊருடைய அழுக்கு எங்கே போய்ச் சேருகிறது, யார் வீட்டு வாசலில் நிற்கிறது, அதை யார் முடிவு செய்தார்கள்? அமெரிக்காவில் 1982-ல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் நச்சு மண்ணைக் கொட்டியபோது கிளம்பிய போராட்டம் இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தது. அங்கே ஊர் அழுக்கைக் கொண்டுவந்து கொட்டினார்கள். லவுண்டஸில் மக்களின் அழுக்கை எடுத்துப் போக ஆள் வரவில்லை. ரெண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

20)
2021 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை விசாரணை தொடங்கியது, 1964-ம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ். 2023 மே மாதம் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையோடு ஒப்பந்தம் போட்டது. செப்டிக் இல்லாதவர்கள் மேல் குற்ற நடவடிக்கை நிறுத்தம், வீடுகளின் நிலையைக் கணக்கெடுப்பது, சரிசெய்யத் திட்டம் போடுவது என்று பல அம்சங்கள். 2025 ஏப்ரலில் புதிய அரசு அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பன்முகத்தன்மை என்ற பெயரில் நடக்கும் திட்டங்கள் இனி கூடாது என்ற கொள்கையைக் காரணம் காட்டியது.
மலம் முற்றத்தில் நிற்பதை யாரும் மறுக்கவில்லை. அதற்கு வைத்த பெயர்தான் பிடிக்கவில்லை.

21)
இப்போது ஒரு நியாயமான கேள்வி. "அவங்க வீட்டு டேங்க், அவங்க பொறுப்பு. அரசாங்கம் ஏன் பண்ணணும்?"
நீங்கள் நகரத்தில் இருந்தால் யோசித்துப் பாருங்கள். ஃப்ளஷ் செய்கிறீர்கள். அதற்கப்புறம் அது எங்கே போகிறது, எந்த மண், எத்தனை பம்ப், எவ்வளவு செலவு என்று ஒரு நாளாவது கவலைப்பட்டதுண்டா? உங்கள் தெருவுக்கு அடியில் பொதுப்பணத்தில் குழாய் போட்டிருக்கிறது. நீங்கள் கட்டுவது அதில் ஒரு சின்னப் பங்கு. நகரத்து மலம் அரசாங்கத்தின் பொறுப்பு, கிராமத்து மலம் மட்டும் தனிநபர் ஒழுக்கமா?

22)
இந்த ஒழுக்கக் கதை பழசு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே நடந்தது. 1909-ல் ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு ஆணையம் அமைத்தார். அதுவரை தெற்கத்தி ஏழை என்றால் சோம்பேறி என்று பேச்சு. பரிசோதித்தால் சோம்பல் இல்லை, ரத்தசோகை. பத்திரிகைகளோ இந்தப் புழுவுக்கு 'சோம்பேறிக் கிருமி' என்று பெயர் வைத்தன.
அந்த வேலை அங்கிருந்து கடல் தாண்டி 1916-ல் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. மருந்து கொடுக்கப்பட்டவர்கள் யார்? சென்னை மாகாணத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள். லயத்து வீடுகள், கழிப்பிடம் அரிது, தேயிலைச் சரிவெல்லாம் ஈர மண், வெறுங்கால். மருந்து கொடுப்பது மலிவு. லயத்துக்குக் கழிப்பறை கட்டுவது செலவு. எது முதலில் நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

23)
இனி நம் ஊருக்கு வருகிறேன். தூய்மை இந்தியா திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. லட்சக்கணக்கான கழிப்பறைகள் வந்தன. நல்ல விஷயம், மறுக்கவே மாட்டேன். இருட்டும் வரை அடக்கிக்கொண்டு காத்திருந்த பெண்களிடம் கேட்டால் தெரியும் அதன் அருமை.
ஆனால் கழிப்பறை என்பது பீங்கானும் நாலு சுவரும் மட்டுமில்லை. சுவர் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மண் ஊருக்கு ஊர் வேறு. செம்மண்ணில் ஜம்மென்று வேலை செய்யும் உறிஞ்சுகுழி, டெல்டா களிமண்ணிலும் கரிசலிலும் மழைக்காலத்தில் மூச்சுத் திணறும். நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் ஊரில் குழிக்குள் போனது அடிபம்பில் திரும்ப வரும். அதே 12,000, அதே குழி என்றால் எப்படி?

24)
குழி நிரம்பினால் அடுத்த கேள்வி: யார் அள்ளுவது? நம் ஊரில் இதற்கு ஒரு பதில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதற்குச் சாதி என்று பெயர். 2013-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதைத் தடை செய்கிறது. இன்றைக்கும் விஷவாயு தாக்கி மனிதர்கள் சாகிறார்கள். லவுண்டஸில் அழுக்கு யார் வாசலில் நிற்க வேண்டும் என்பதை இனம் முடிவு செய்தது. இங்கே அதற்குள் யார் இறங்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது.

25)
ஆக, நான் சொல்ல வருவது ஒன்றுதான். கொக்கிப்புழு ஒருவரின் ஒழுக்கத்தைப் பார்த்து ஏறுவதில்லை. பைப் எங்கே முடிகிறதோ அங்கே காத்திருக்கிறது. பைப் எங்கே முடிய வேண்டும் என்று முடிவு செய்தது அந்த அக்கா இல்லை.

26)
டாக்டராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்:
- பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் மாத்திரையைப் பிள்ளைகளுக்கு விடாமல் கொடுங்கள்.
- தோட்டம், வயல், செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள் முடிந்தவரை காலுக்கு ஏதாவது போடுங்கள். வேலைக்கு ஆள் வைப்பவர்கள் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.
- காரணமில்லாத சோர்வு, மூச்சிரைப்பு, மண் தின்னும் ஆசை இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.
- இரும்புச்சத்து மாத்திரையை மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்தாதீர்கள். அது அப்படித்தான் போகும்.

27)
இப்போ முதல்ல சொன்ன அந்த வேலை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஊர் மண்ணுக்கு எந்த வகைக் கழிப்பறை சரிவரும் என்று யாராவது பார்த்தார்களா? மழைக்காலத்தில் எத்தனை வீட்டில் குழி பொங்குகிறது, கணக்கு இருக்கிறதா? லாரி வந்து உறிஞ்சுகிறதே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்?
"பைத்தியமா இவனுக்கு, இதையெல்லாம் போய்ப் பேசிக்கிட்டு"ன்னு நாலு பேர் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். இதைப் பேசக் கூச்சப்பட்டுத்தான் இவ்வளவு வருஷம் போச்சு.

28)
அந்த அக்காவின் கேஸ் ஷீட்டில் நான் எழுதியதை சீஃப் என்னை வைத்தே அடிக்கச் சொன்னார். "பதிலுக்கு என்ன எழுதணும் சார்?" என்று கேட்டேன். "அவங்க சொன்னதை எழுது" என்றார்.
எழுதினேன். களிமண். மழையில் குழி நிரம்புகிறது. வெளியே போக வாய்க்கால் கரை தவிர வேறு இடமில்லை. வெறுங்காலோடு சேற்றில் வேலை.
அன்றிலிருந்து இன்றுவரை ரத்தசோகையோடு வரும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "உங்க வீட்டுக் கொல்லை எப்படிம்மா இருக்கும்?"